பென்னியும் இல்லை, குவிக்கும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் முல்லைப் பெரியாறு கட்டுரையில், பென்னிகுவிக் என்பது அரியதோர் ஆங்கிலக் குடும்பப் பெயர் என்றும், பென்னி என்றால் காசு, குவிக் என்றால் விரைவு என்றும், காசை விரைந்து செலவிட்டு அணை கட்டியவருக்கு அது பொருந்திப்போனது என்றும் எழுதியிருந்தீர்கள். அகராதியை இரண்டு இடங்களில் புரட்டிய உழைப்புக்கு நன்றி.

தாங்கள் அறியாததன்று. எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், ஒருகாலத்தில் காகித ஆலைகளால் பெயர்பெற்றிருந்த பெனிகுக் என்ற ஊர் இருக்கிறது. குடும்பப் பெயர் அந்த ஸ்காட்லாந்து ஊரின் வழி வந்தது. ஊர்ப்பெயரோ, அங்கே ஆங்கிலம் காலூன்றுமுன் வழங்கிய, வெல்ஷ் மொழிக்கு உறவான பழைய பிரித்தோனிக் மொழியினது. ‘பென்’ என்றால் தலை, குன்றின் முகடு. ‘கோக்’ என்றால் குயில். குயில் குன்று என்று அழகாக நிற்கும் பெயரைத்தான் தங்கள் கட்டுரையாளர் சில்லறையாக மாற்றிவிட்டார். எழுத்துக்கூட்டலில் எப்படி இருந்தாலும் அந்நாட்டார் கடைசி அசையைக் ‘குக்’ என்றே ஒலிக்கிறார்கள். ஒலிப்பின்படியே எழுதிக்கொண்ட பென்னிகுக் குடும்பங்களும் உண்டு. (குயில் என்று சொல்லிவிட்டேன், இனி குயிக்கும் குயிலும் ஒன்றே, ஆகவே பெயர் தமிழ்ப்பெயரே என்று அடுத்த வாரம் ஒரு கட்டுரை வராதிருக்க வேண்டும். முன்பு ஐரோப்பிய நதிகளுக்கெல்லாம் தமிழ் வேர் கண்ட இதழல்லவா!)

கம்பத்தில் ஆசிரியராக இருந்தபோது என் வகுப்பில் பென்னிகுவிக் என்றொரு மாணவன் படித்தான். அணைத்தண்ணீரில் இருபோகம் கண்ட தாத்தா வைத்த பெயர். ஏதோ ஒரு பொது அறிவுக் கையேட்டில் இதே காசு விளக்கம் அச்சாகியிருந்ததால், வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை வாசிக்கும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ‘பைசா’ என்று ஒரு குரல் எழும். அவன் குனிந்தபடியே ‘உள்ளேன் ஐயா’ என்பான். அந்த விளக்கத்தைக் கண்டித்து அன்றே தங்களுக்கு எழுதினேன். கடிதம் வெளியாகவில்லை, ஆனால் நான் கண்டித்த விளக்கம் இப்போது வண்ணப்படத்துடன் வெளியாகியிருக்கிறது.

அணை கட்டிய பென்னிகுவிக் 1841இல் புனேயில் பிறந்தவர். அவருடைய தந்தையும் அண்ணனும் 1849இல் பஞ்சாபின் சில்லியன்வாலாப் போர்க்களத்தில் ஒரே நாளில் மாண்டார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தின் பெயரை எழுதுமுன் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். பொருள்தான் போகட்டும், ஒரே கட்டுரையில் பென்னிகுவிக், பென்னி குயிக், பென்னிக்விக் என்று மூன்று விதமாக அச்சிட்டிருக்கிறீர்கள். தங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் என்று ஒருவர் இன்னும் இருக்கிறாரா?

எங்கள் பள்ளத்தாக்கின் நாவில் ஊறிவிட்ட பென்னிகுவிக்கை ஸ்காட்லாந்து ஒலிப்புக்கு மாற்றும்படி நான் கேட்கவில்லை. அடுத்த இதழில், எந்த மூலையிலாவது, நான்கு வரித் திருத்தம் ஒன்றும், இனி எப்போதும் ஒரே எழுத்துக்கூட்டலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.