இலைக் கொள்முதல் நிலையங்களுக்குக் கணினி வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு, அதாவது அதை உருவாக்கிய நிறுவனம் அனுப்பும் பாதுகாப்புப் புதுப்பிப்பு, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றதை ஒட்டி, கொள்முதல் நிலையங்களில் உள்ள பழைய கணினிகளை மாற்றப் போவதாகத் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையையும், அதற்கான செலவு எங்கள் இலைத் தொகையில் பிடித்தம் செய்யப்படும் என்ற அறிவிப்பையும் உறுப்பினர்கள் அனைவரும் அறிவோம். பிடித்தத்தை யாரும் எதிர்க்கவில்லை. பிடித்த பணத்தில் என்ன வாங்கப்பட்டது என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்கள் ஹட்டியின் (சிற்றூரின்) நிலையத்துக்கு வந்து சேர்ந்த புதிய கணினியில் இருந்தது விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு, 23எச்2 வெளியீடு. ஹோம், புரோ என்பவை பயன்பாட்டுக்கேற்ற பதிப்புகள்; 23எச்2 என்பது ஆண்டுதோறும் வரும் பெரிய வெளியீடுகளில் ஒன்று. ஹோம், புரோ பதிப்புகளைப் பொறுத்தவரை அந்த வெளியீட்டுக்கான ஆதரவு 2025 நவம்பர் 11ஆம் தேதியே முடிந்துவிட்டது. கணினி எங்களிடம் வந்தது அதற்குப் பல மாதங்கள் கழித்து. ஆதரவு முடிந்தது என்ற காரணத்தைச் சொல்லி ஒன்றைக் கழித்துவிட்டு, ஆதரவு முடிந்த இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த வெளியீட்டுக்குக் கட்டணமின்றி மாறிக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார். அது உண்மை. ஆனால் அந்த மாற்றம் பல ஜிபி அளவுக்குத் தரவிறக்கம் கேட்பது, பின்னர் கணினியை நெடுநேரம் தன் வசம் எடுத்துக்கொள்வது. சாலை வளைவில் கிடைக்கும் கைபேசிச் சிக்னல் நிலையத்துக்குள் வந்தால் கிடைக்காத ஊர் எங்களுடையது. கோடை மழைக்குப் பின் இலை பெருகியிருந்த ஒரு பிற்பகலில், எடை போட்டுக்கொண்டிருந்தபோதே அந்தக் கணினி மறுதொடக்கமாகி, அணைக்க வேண்டாம் என்ற அறிவிப்போடு நின்றுவிட்டது. நடுவில் மின்சாரமும் போய் வந்தது. பதிவு இல்லாமல் மூட்டையை ஏற்றக் கூடாது என்பது தாங்கள் இட்ட விதி என்பதால் லாரி காத்து நின்றது. காலையிலிருந்து இலை பறித்துத் தலையில் சுமந்து வந்த பெண்கள் தாழ்வாரத்தில் மூட்டைகளோடு இருட்டும் வரை நின்றார்கள். மூட்டைக்குள் அடைந்து கிடக்கும் பச்சை இலை சூடேறிச் சிவந்துபோகும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று சிவந்த இலைக்கான கழிவு எங்கள் கணக்கில் எழுதப்பட்டது. கணினியைத் தேர்ந்தெடுத்தவர் கணக்கில் எதுவும் எழுதப்படவில்லை.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை இதுதான்: இனி வாங்கும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் இருக்கும் இயங்குதளத்தின் பதிப்பு, வெளியீடு, அதற்கு ஆதரவு முடியும் நாள் ஆகியவற்றைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதுங்கள்.

நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று ஒப்பந்தப்புள்ளியில் கேட்கும் தாங்கள், பதிப்பைக் கேட்காமல் விட்டது ஏன் என்று புரியவில்லை. ஹோம் பதிப்பு வீட்டு உபயோகத்துக்கானது. அதில் புதுப்பிப்புகளை ஒரு தடவைக்கு 35 நாட்கள் நிறுத்திவைக்கலாம், அவ்வளவே. புரோ பதிப்பில் பெரிய வெளியீட்டு மாற்றங்களை 365 நாட்கள் வரை தள்ளிவைக்கும் கொள்கையை நிர்வாகி வகுக்க முடியும். இலை குறைந்திருக்கும் பனிக் காலத்தில் அந்த வேலையை நிதானமாகச் செய்துகொள்ளலாம். விண்டோஸ் 11இன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஹோம், புரோ பதிப்புகளில் 24 மாதங்களும், பெரிய நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்குமான என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் 36 மாதங்களும் ஆதரவு உண்டு. அந்த 24 மாதங்கள் வெளியீடு வந்த நாளிலிருந்து எண்ணப்படுபவை, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

கழித்துப்போட்ட கணினிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாததாலும், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலி என்பதாலும் அவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. மற்றபடி நன்றாகவே ஓடுகின்றன. எடைப் பதிவு முழுவதும் உலாவியில்தான் நடக்கிறது. அதற்கு உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தின் 24.04 போன்ற நீண்டகால ஆதரவு வெளியீடு போதும். கட்டணமில்லாமல் 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். அடுத்திருக்கும் கேரளத்தில் அரசுப் பள்ளிகளே உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. உபுண்டுவிலும் எச்சரிக்கை தேவை: நீண்டகால ஆதரவு இல்லாத இடைக்கால வெளியீடுகளுக்கு 9 மாதங்களே ஆதரவு. எந்த இயங்குதளமானாலும் பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்காகவே முடியும் நாளை எழுத்தில் கேட்கிறோம்.

குன்னூர் ஏலத்தில் தேயிலை விலை இறங்கினால் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது. உர விலை எங்கள் கையில் இல்லை. காட்டெருமை தோட்டத்தில் இறங்கினால் வனத்துறையைப் பார்த்துக் கை கூப்பி நிற்கிறோம். இத்தனைக்கும் நடுவே கிலோவுக்கு இவ்வளவு என்று நாங்கள் விட்டுக்கொடுக்கும் பணத்தையாவது கேட்டறிந்து செலவிடக் கூடாதா? உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண்கள் இருக்கும் கணினி பாதுகாப்பின்றி இணையத்தில் கிடந்தால் யார் பொறுப்பு?

கடுமையாக எழுதிவிட்டதாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும். மீதமுள்ள நிலையங்களுக்கான கொள்முதல் ஆணை வெளியாகும் முன், பதிப்பு, வெளியீடு, ஆதரவு முடியும் நாள் ஆகிய மூன்றையும் அதில் சேர்த்து, அதன் நகலை ஒவ்வொரு நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அன்றைய கழிவுத் தொகையைத் திருப்பித் தருவது குறித்து வரும் பேரவைக் கூட்டத்தில் விவாதிக்கவும் ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி