சேதி வந்தது, யாரிடம் போனது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிறுவனங்கள் தங்கள் வணிகச் சூழலை எப்படிக் கவனித்துத் திட்டம் போடுகின்றன என்று உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், இயற்கைச் சூழல், சட்டம் என்று ஆறு தலைப்புகளில் தகவலைத் திரட்டி ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடித்தளம் தயார் என்கிற தொனியில் அது முடிந்திருந்தது. இயந்திரம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வருடாவருடம் அந்த ஆறு கட்டங்களை நிரப்பியவர்களில் ஒருவன். என் அனுபவத்தில் தகவலைத் திரட்டுவது இந்த வேலையின் சுலபமான பாதி. திரட்டியது யாருடைய மேஜைக்குப் போகிறது, அதைப் படித்தவர் எதை முடிவு செய்தாக வேண்டும் என்பதுதான் கஷ்டமான பாதி. கட்டுரை அந்தப் பக்கம் போகவே இல்லை.

கேமரா ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனத்தின் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் வருவதை அந்த நிறுவனம் பார்க்கத் தவறியது என்று கட்டுரையாளரும் எழுதியிருக்கிறார். பார்க்காமல் எங்கே போனது? 1975ல் கையில் தூக்கிச் செல்லக்கூடிய டிஜிட்டல் கேமராவை முதலில் செய்தவரே அதன் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான். 0.01 மெகாபிக்சல் கருப்பு வெள்ளைப் படம், அது கேசட் நாடாவில் பதிவாக 23 விநாடி. 1981ல் சோனி, ஃபிலிம் இல்லாமல் படமெடுக்கும் தன் மாவிகா கேமராவை அறிவித்ததும், வின்ஸ் பராபாவின் தலைமையில் இருந்த கோடாக்கின் சந்தை ஆய்வுப் பிரிவு இதை விரிவாக ஆராய்ந்தது. டிஜிட்டல் ஒருநாள் ஃபிலிமின் இடத்தைப் பிடிக்கலாம், ஆனால் தயாராவதற்கு ஏறக்குறைய பத்து ஆண்டு இருக்கிறது என்பது அதன் முடிவு. இதைவிடத் தெளிவாக ஒரு திட்டமிடல் பிரிவு என்ன எழுதிக் கொடுக்க முடியும்? 2012 ஜனவரியில் கோடாக் திவால் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடிப் போனது. அதே ஃபிலிம் சந்தையில் இருந்த ஃபியூஜிஃபிலிம், தன் கையில் இருந்த வேதியியல் அறிவை எல்சிடி திரைகளுக்கான ஃபிலிம் பக்கமும், பிற்பாடு அழகுசாதனப் பொருள் பக்கமும் திருப்பியது. இரண்டு நிறுவனங்களுக்கும் சேதி கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இதைவிடப் பொருத்தமான கதை ஒன்று உண்டு, அது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. 2000 மார்ச் 17 இரவு, அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் இருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் சின்னத் தீ விபத்து. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசு துளியும் புகக் கூடாத அறைகளில் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. அங்கிருந்து சிப் வாங்கிய பெரிய வாடிக்கையாளர்கள் இருவர், கைபேசி தயாரித்த நோக்கியாவும் எரிக்சனும். ஒரு வாரம் தாமதமாகும் என்று இரண்டு நிறுவனங்களுக்குமே பிலிப்ஸ் சொன்னது. நோக்கியாவில் கொள்முதல் பிரிவு அந்த உதிரிபாகங்களைத் தனிக் கண்காணிப்பில் வைத்தது. தினமும் போன் போட்டு விசாரித்தது, மேலிடத்துக்கும் சொன்னது. தாமதம் வாரங்களைத் தாண்டும் என்று தெரிந்தபோது வேறு ஆலைகளில் இடம் பிடிக்க ஆள் தயாராக இருந்தது. எரிக்சனில் அந்தச் சேதி கீழ்மட்டத்திலேயே வாரக்கணக்கில் தங்கிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது மாற்று ஆலை எதுவும் மிச்சமில்லை. சுமார் 40 கோடி டாலர் நஷ்டம் என்று சொல்லப்பட்டது. 2001ல் அதன் கைபேசித் தொழில் சோனியுடன் கூட்டுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நோக்கியாவுக்கு மாலை போட்டு நிறுத்திவிட முடியாது. 2007ல் ஐபோன் வந்த பிறகு, தங்கள் மென்பொருள் ஈடுகொடுக்காது என்பது அங்கே வேலை பார்த்த பலருக்குத் தெரிந்தே இருந்தது. மேலே சொல்லப் பயந்தார்கள் என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உதிரிபாகம் வராது என்று சொல்வதற்கு இருந்த தைரியம், நம் தயாரிப்பே தேறாது என்று சொல்வதற்கு வரவில்லை.

வணிகச் சூழலை நோட்டமிடுவது பற்றி 1967லேயே ஆராய்ந்து எழுதிய ஃபிரான்சிஸ் அகிலார், மேலாளர்கள் முக்கியமான வெளிச் செய்திகளைப் பெரும்பாலும் அறிக்கைகளிலிருந்து பெறுவதில்லை, மனிதர்களிடமிருந்துதான் பெறுகிறார்கள் என்று கண்டார். எங்கள் அலுவலகத்தில் நான் பார்த்ததும் அதுவே. வாடிக்கையாளரின் ஆலைக்குப் போய் இயந்திரம் பழுதுபார்த்துவிட்டு வரும் சர்வீஸ் ஆட்களுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. எங்கள் இயந்திரத்தில் வேறு கம்பெனி உதிரிபாகம் ஓடுவதை முதலில் பார்த்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்கள் நிரப்பும் படிவத்தில் பழுது, மாற்றிய பாகம், ஆன நேரம் என்று மூன்றே கட்டம். ‘வேறு என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்க இடமே இல்லை. அப்புறம் ஒரு வழியாக, படிவத்தின் அடியில் ஒரு வெற்று வரி சேர்க்க அனுமதி வாங்கினோம். எங்கள் பிரிவு அதுவரை காசு கொடுத்து வாங்கிய சந்தை அறிக்கைகள் எதிலும் வராத விஷயங்கள் அந்த ஒரு வரியில் வந்தன. இதே போல, வழக்கமாகக் கடனுக்குச் சரக்கு தரும் சப்ளையர் திடீரென்று முன்பணம் கேட்டால் அவருக்குள் ஏதோ சரியில்லை என்று கொள்முதல் எழுத்தருக்கு உடனே உறைக்கும். 1975ல் மேலாண்மை அறிஞர் இகோர் ஆன்சாஃப் எழுதிய ‘பலவீனமான சமிக்ஞைகள்’ இவைதான். அவை தெளிவாகும்வரை காத்திருந்தால் செயல்பட நேரம் இருக்காது என்பது அவர் வாதம்.

மென்பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பக்கங்களை அது படித்துத் தரட்டும். ஆனால் அது படிப்பது ஏற்கெனவே யாரோ எழுதி வெளியிட்டதை. அதைப் போட்டியாளரும் படிப்பார். சர்வீஸ் ஆள் பார்த்துவிட்டு வந்து சொல்வதை அவரால் படிக்க முடியாது.

ஐஎஸ்ஓ 9001 தரச்சான்றின் 2015 பதிப்பு, நிறுவனத்தைப் பாதிக்கும் உள், வெளி விஷயங்களைக் கண்டறிந்து தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று 4.1 பிரிவில் சொல்கிறது. நல்ல விதிதான். நடைமுறையில் என்ன ஆகிறது? ஆடிட் வருவதற்கு முந்தின வாரம் பழைய ஃபைலைத் திறந்து தேதியை மாற்றுகிறார்கள். ‘மூலப்பொருள் விலை ஏற்ற இறக்கம்’ என்ற வரி நான் வேலையில் சேர்வதற்கு முன்பே எங்கள் ஃபைலில் இருந்தது, நான் ஓய்வு பெற்றபோதும் இருந்தது. அந்த வரியால் யாருக்கும் எந்த வேலையும் வரவில்லை. ‘இந்த ரக எஃகு இரண்டு ஆலைகளில்தான் கிடைக்கிறது, ஒன்று மூடப்போகிறது, இந்தக் காலாண்டுக்குள் கொள்முதல் தலைவர் மாற்று ஏற்பாடு சொல்ல வேண்டும்’ என்று எழுதியிருந்தால் ஒருவருக்காவது தூக்கம் கெட்டிருக்கும்.

ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் 1970களின் தொடக்கத்தில், நாளை எப்படியெல்லாம் அமையலாம் என்ற எதிர்காலக் காட்சிகளை எழுதிய பியர் வாக், ஏற்கெனவே நடந்துவிட்டதையும் இனி நடக்கலாம் என்பதையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். கங்கையின் மேற்பகுதியில் பெருமழை கொட்டிவிட்டால், சில நாளில் ரிஷிகேஷிலும் அப்புறம் அலகாபாத்திலும் காசியிலும் வெள்ளம் வரும் என்பது ஜோசியம் இல்லை என்பது அவர் காட்டிய உதாரணம். 1973 அக்டோபருக்குப் பிறகு சில மாதங்களில் எண்ணெய் விலை நான்கு மடங்கானபோது, ஷெல் மேலாளர்கள் அப்படியொரு நிலையை முன்பே மனதில் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். வாக் இதில் விடாப்பிடியாக இருந்தார். மேலாளரின் மனக்கணக்கை மாற்றாத எதிர்காலக் காட்சி வெறும் காகிதம் என்பது அவர் கட்சி. எங்கள் போர்டு மீட்டிங்கில் சூழல் பற்றிய அத்தியாயம்தான் முதலில் வரும், ‘இதைப் படித்ததாக வைத்துக்கொள்வோம்’ என்று இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். மீதி நேரமெல்லாம் பட்ஜெட்.

இந்தக் கட்டுரைத் தொடர் தொடர்வதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நிறுவனத் தலைவர்களைப் பேட்டி எடுக்கும்போது, எந்த மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் நிருபர் கேட்க வேண்டாம். போன வருடச் சூழல் அறிக்கையால் நீங்கள் கைவிட்ட திட்டம் எது, புதிதாகத் தொடங்கியது எது என்று கேட்கட்டும். பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திட்டமிடல் பிரிவு அலுவலர் ஒருவர்