போருக்கு முன் வாக்கெடுப்பு

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்க அதிபரின் போர் அதிகாரம் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். அதிபரை மட்டும் குறை சொன்னால் போதாது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பது அந்நாட்டு நாடாளுமன்றம்தான். போர் அறிவிக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனம் காங்கிரஸ் எனப்படும் அந்த நாடாளுமன்றத்துக்கே தந்திருக்கிறது. ஆனால் அது கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942இல். கொரியா, வியட்நாம், ஈராக் எதற்கும் அப்படி அறிவிக்கவில்லை. அதிபர் நிக்சனின் எதிர்ப்பை மீறி, அதிபரின் போர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த 1973இல் சட்டம் போட்டார்கள், சரி. அப்புறம் இரட்டைக் கோபுரத் தாக்குதலை அடுத்து, படைபலத்தைப் பயன்படுத்த 2001 செப்டம்பரில் அதிபருக்கு அளித்த அனுமதிக்குக் காலக்கெடுவே வைக்கவில்லை. கீழவையில் அன்று எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவர்தான். அந்த ஒரு தீர்மானத்தைக் காட்டியே அடுத்தடுத்து வந்த அதிபர்கள் பல நாடுகளில் தாக்குதல் நடத்தினார்கள்.

டெக்சாஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பட்டாசு வெடித்துக் கொண்டாடும் அந்நாட்டுச் சுதந்திர தினமான ஜூலை 4 நெருங்கிய சமயத்தில், பக்கத்து வீட்டுப் புல்தரையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். ‘போர்முனையிலிருந்து திரும்பியவர் இங்கே வசிக்கிறார், பட்டாசு வெடிக்கும்முன் சொல்லுங்கள்’ என்று எழுதியிருந்தது. ஆப்கானிஸ்தான் போருக்குப் போய்வந்தவர் அவர்; வெடிச்சத்தம் போர் நினைவைக் கிளறிவிடும் என்றுதான் அந்தப் பலகை. இப்படிப்பட்டவர்களை அனுப்பும் முடிவை ஒவ்வொரு உறுப்பினரும் பெயர் பதியும்படி வாக்களித்தே எடுக்க வேண்டும். 2001 அனுமதியை ரத்து செய்துவிட்டு, இனி தரும் எந்த அனுமதியும் இரண்டு ஆண்டில் தானாகவே காலாவதியாகும்படி சட்டம் இயற்றலாம்.