6 என்று தெரிந்த பிறகும் 6-ஆ என்று கேட்பது ஏன்? பார்சர் ஜெனரேட்டர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கருவிக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் பார்சர் ஜெனரேட்டர் (கிராமர் எனும் இலக்கண விதிகளைப் படித்து, உள்ளீட்டைப் பிரித்தறியும் ஜாவா கோடை எழுதித் தரும் கருவி) ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதுகிறது, அதை நீக்குங்கள் என்று கேட்டிருந்தோம். "கம்பைலரே பார்த்துக்கொள்ளும்" என்ற ஒற்றை வரியோடு அந்த டிக்கெட்டை மூன்றாவது முறையாக மூடியிருக்கிறீர்கள். உங்களுக்கு வேலை அதிகம்தான், தெரியும். ஆனால் கோடை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் பார்த்துக்கொள்ளவில்லை.

முகவரி கிராமரின் பின்கோடு விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இலக்கங்கள்: புதுச்சேரி 605, காரைக்கால் 609, மாஹே 673, ஏனாம் 533. முதல் இலக்கம் 6 அல்லது 5, அவ்வளவுதான். உங்கள் கருவி எழுதித் தரும் கோடு அடுத்த இலக்கம் 6-ஆ என்று பார்த்து 'ஆல்ட்' என்ற வேரியபிளில் 1 போடுகிறது. 5 என்றால் 2. உடனே, எண்ணுக்கேற்பக் கிளை பிரிக்கும் ஒரு ஸ்விட்ச் வந்து, தானே போட்ட அந்த எண்ணைத் திரும்பப் படிக்கிறது. கேஸ் 1-க்குள் போனதும், வந்தது 6-தானா என்று மறுபடி ஒரு இஃப். அந்த இஃபின் பிழைக் கிளைக்குள் எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும் நுழைய முடியாது. எத்தனை டெஸ்ட் எழுதினாலும், எந்த வரிகள் ஓடின என்று காட்டும் கவரேஜ் அறிக்கையில் அந்த வரி சிவப்பாகவே நிற்கிறது. "இந்தக் கிளைக்கு ஏன் டெஸ்ட் இல்லை" என்று ஒவ்வொரு ரிலீசுக்கும் விளக்கம் எழுதுவது நாங்கள்.

கம்பைலர் விஷயத்துக்கு வருவோம். ஒரு மெத்தடின் (கோடின் ஒரு செயல்துண்டு) பைட்கோடு (ஜாவாவின் இடைநிலைக் கோடு) 8000 பைட்டைத் தாண்டினால், ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் அதை இயல்பு அமைப்பில் ஜிட் கம்பைல் செய்வதே (ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றுவதே) இல்லை, ஒவ்வொரு கட்டளையாகப் படித்து ஓட்டும் இன்டர்ப்ரெட்டரில்தான் ஓடும். 64 கேபியை எட்டினால் ஜாவா கம்பைலரான ஜாவாசி மெத்தடையே ஏற்காது. கம்பைலர் கூட்டித் தள்ளும் என்று நீங்கள் விட்டுவைத்த குப்பைதான் கம்பைலரை உள்ளே விடாமல் வாசலை அடைக்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கோடை எழுத்தாக அச்சிடும் முன், நிபந்தனைகள் மரமாக (கிளை கிளையான தரவாக) இருக்கும்போதே சுருக்குங்கள். இஃப் முடிவு செய்த இடத்திலேயே அந்தக் கிளையின் வேலையை வைத்தால் ஆல்டும் ஸ்விட்சும் தேவையில்லை. முன்பார்வையில் (அடுத்து வருவதை எடுக்காமல் பார்ப்பதில்) உறுதியான டோக்கனுக்கு (இங்கே ஓர் இலக்கம்) சரிபார்த்து எடுக்கும் 'மேட்ச்' வேண்டாம், பார்க்காமல் எடுக்கும் 'கன்ஸ்யூம்' போதும். 67-க்குப் பின் வரும் 3-ஐ யாரும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. அங்கே மேட்ச் இருந்தே ஆகவேண்டும். 6, 5 இரண்டும் இல்லையென்றால் பிழை சொல்லும் கடைசி எல்ஸும் அப்படித்தான். பக்கவிளைவு உள்ள செமாண்டிக் பிரெடிகேட்டை (விதிக்குள் கையால் எழுதிய நிபந்தனையை) தொடவே கூடாது.

உங்கள் கருவி எழுதும் 'இஃப் ட்ரூ ரிட்டர்ன்' (எப்போதும் உண்மையான இஃபுக்குள் 'திரும்பு') வரியை நாங்கள் குறை சொல்லவில்லை. வெறும் ரிட்டர்னுக்குப் பின் இன்னொரு வரி வந்தால் ஜாவா பிழை காட்டும். இஃபுக்குள் இருந்தால் விட்டுவிடும். ஜாவாசிசி என்ற பார்சர் ஜெனரேட்டரும் இதே தந்திரத்தைச் செய்தது. காரணம் உள்ள கோமாளித்தனம் வேறு, காரணமில்லாதது வேறு.

ஒரே ஆதார் ஜெராக்ஸை மூன்று மேஜையில் நீட்டி, மூன்றாவது மேஜையில் "ஒரிஜினல் எங்கே" என்று கேட்கப்பட்டுப் பழகிய ஊர்க்காரர்கள் நாம். அந்தப் பழக்கத்தைக் கோடு ஜெனரேட்டருக்கும் கற்றுக்கொடுத்தது யார் என்றுதான் தெரியவில்லை. சரி, அது வேறு வழக்கு.

ஜெனரேட் ஆன ஃபைலை நாங்களே கையால் திருத்தலாமே என்றும் சொல்லியிருந்தீர்கள். அடுத்த பில்டில் அது அழிந்துவிடும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டுமா?

நிபந்தனைகளை மரத்திலேயே சுருக்குங்கள். முதலில் பின்கோடு விதிக்கு மட்டும் ஒரு ஃபிளாக் (இயக்கவோ அணைக்கவோ முடிகிற தேர்வு) வைத்துச் செய்தாலும் போதும். பழைய வெளியீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை எங்களுடையது. அதுவரை டிக்கெட்டைத் தயவுசெய்து மூடாமல் வையுங்கள்.

இப்படிக்கு,
முகவரிப் பார்சர் அணி, புதுச்சேரி