ரெண்டு பிளேக்கையும் தயவுசெஞ்சு பிரிச்சு வைங்க

பாட்டு ஸ்ட்ரீமிங் ஆப் நடத்துறவங்களுக்கு வணக்கம்.

பிளைண்ட் பிளேக்ங்கிற ஒரே பேர்ல பாடின ரெண்டு பேரோட பாட்டையும் உங்க ஆப்ல ஒரே பக்கத்துல போட்டுக் குழப்பி வச்சிருக்கிறது உங்களுக்குத் தெரியும், என்னை மாதிரி எத்தனையோ பேர் எழுதியாச்சு. போன வாரம் கிதார் கத்துக்கிற அக்கா பையன்கிட்ட "வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்" கேளுடான்னேன். அது முடிஞ்ச கையோட பான்ஜோ வச்சு ஒரு கலிப்ஸோ, அதாவது கரீபியன் தீவுப் பாட்டு, ஓடுது, "மாமா, ரெண்டும் ஒரே ஆளா?"ங்கிறான்.

இல்லைங்க. ஒருத்தர் ஆர்தர் பிளேக், அந்த "வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்" வாசிச்ச அமெரிக்க ப்ளூஸ் கிதார்காரர், 1926லேருந்து 1932 வரைக்கும் பாராமவுண்ட்ங்கிற ரெக்கார்ட் கம்பெனிக்கு ஏறக்குறைய 80 பாட்டு ரெக்கார்ட் பண்ணிட்டு 1934ல மில்வாக்கில காசநோயில இறந்துட்டார். இன்னொருத்தர் பிளேக் ஹிக்ஸ், பஹாமாஸ்ல ஹோட்டல்ல பாடினவர், அவரோட எல்பி எல்லாம் வந்தது 1950கள்ல. அவரும் நல்ல பாடகர்தான், அவருக்கும் தனிப் பக்கம் வேணும். ஆர்தர் பிளேக்குக்குன்னு நமக்குக் கிடைச்சிருக்கிறது ஒரே ஒரு போட்டோ, அந்த இடத்துல நீங்க ஹிக்ஸ் படத்தைப் போட்டு வச்சிருக்கீங்க.

இதுல என்ன பெரிய நஷ்டம்னு நினைக்கிறீங்கன்னா ஆர்தர் பிளேக்கோட கட்டைவிரலைக் கவனிச்சுக் கேளுங்க. ராக்டைம்ங்கிற பழைய அமெரிக்க இசையில பியானோவோட இடது கை பண்ற வேலையை அவர் கட்டைவிரல் பண்ணுது, தாளம் விழுறதுக்கு ஒரு நூல் முன்னாடியே ஒரு பேஸ் கம்பியிலேருந்து அடுத்த கம்பிக்கு உருண்டு போய் விழுது, மேல மத்த விரல்கள் அது பாட்டுக்கு மெலடி வாசிக்குது. அமெரிக்க கிதார்காரர் ரை கூடர் 1974ல இவரோட "டிடி வா டிடி"யை எடுத்துப் பாடினார், இன்னிக்கும் விரலால கம்பியை மீட்டுற ஃபிங்கர் பிக்கிங் கத்துக்கிறவங்க இவர்கிட்ட வராம போறதில்ல. இரைச்சலைக் குறைக்கிறேன்னு உங்க ஆப்ல வர்ற சில காப்பிகள்ல அந்த உருளலே காணாம போயிடுது, அந்தக் காலத்து 78 ஆர்பிஎம் இசைத்தட்டோட கரகரப்பு எங்களுக்கு ஒரு தொந்தரவே இல்ல, விட்டுடுங்க. 1920கள்ல, 30கள்ல ரெக்கார்ட் பண்ண பாட்டுக்கு நேரா 2005, 2011னு வருஷம் வேற! ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்கு இவர் கிதார் வாசிச்ச பாட்டுகள்ல இவர் பேரே இல்ல. கல்லறையில பேர் எழுதின ஒரு கல்லு கூட இல்லாம பல வருஷம் கிடந்த மனுஷன் சார், அவர் வாசிச்சதையாவது அவர் பேர்ல வைக்கக் கூடாதா?

கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்னா மன்னிச்சுக்குங்க. கேக்கிறது ஒண்ணுதான், ரெண்டு பிளேக்கையும் தனித்தனிப் பக்கமா பிரிச்சு வைங்க. ரெக்கார்ட் பண்ண வருஷத்தையும் கூட வாசிச்சவங்க பேரையும் போட்டீங்கன்னா ரொம்ப நன்றியோட இருப்போம்.