பாசிட்டிவ் என்றாலே பூஞ்சையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டயாலிசிஸ் செய்துவரும் என் உறவினருக்குக் காய்ச்சல் விடவில்லை என்று நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ‘பீட்டா டி குளுக்கான்’ ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தது. அன்றைக்கே விலை கூடிய பூஞ்சை மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

ஆய்வக நுட்பநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எழுதுகிறேன். இந்தச் சோதனை தேடுவது பூஞ்சையின் செல்சுவரில் இருக்கும் ஒரு சர்க்கரைப் பொருளை. செல்லுலோஸ் வகை டயாலிசிஸ் வடிகட்டி, அறுவை சிகிச்சையில் வைக்கும் காஸ் துணி, நரம்பு வழி ஏற்றும் புரத மருந்துகளான அல்புமின், இம்யூனோகுளோபுலின் ஆகியவற்றிலிருந்தும் அது ரத்தத்தில் கலக்கும். எந்த வடிகட்டி என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கான கேலக்டோமேனன் சோதனையும் இப்படித்தான். குளுக்கோனேட் என்ற உப்பு கலந்த சில டிரிப் திரவங்களே அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். (2021-இல் எல்லோரையும் கதிகலங்க வைத்த கரும்பூஞ்சையையோ இந்த இரண்டு சோதனைகளுமே காட்டாது!)

சாதாரண தோல் சோதனையிலும் ஏமாற இடமுண்டு. மழைக்காலத்தில் குலசேகரம் பக்கமிருந்து ரப்பர் பால்வெட்டும் தொழிலாளிகள் விரலிடுக்கு அரிப்போடு வருவார்கள். சுரண்டியெடுத்த தோலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், துவர்த்தின் (துண்டின்) பஞ்சு இழைகூட பூஞ்சை நூல் மாதிரியே கிடக்கும். தோல் செல்களின் ஓரமும் வலைபோலத் தெரியும். அசல் பூஞ்சை நூல் செல் ஓரத்தைப் பின்பற்றாது, குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒரே தடிமனாக இருக்கும், இடையிடையே தடுப்பும் கிளையும் தெரியும். ஃபோகஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பொறுமை வேண்டும். வாசலில் கூட்டம் நிற்கும்போது அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்?

சளியில் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்தால் நுரையீரலில் பூஞ்சை என்று பயப்படுவதும் பெரும்பாலும் வீண். அது வாயிலேயே குடியிருப்பது.

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பும் சீட்டில் பெயர், வயது, டாக்டர் பெயரோடு நிறுத்தாமல், டயாலிசிஸ் உண்டா, என்ன ஆன்டிபயாட்டிக், என்னென்ன ஏற்றியிருக்கிறது என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும். பாசிட்டிவ் வந்தால் நோயாளியின் நிலை, ஸ்கேன், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, இன்னொரு முறை ரத்தம் எடுத்தும் பார்க்க வேண்டும். நிலைமை மோசமென்றால் மருந்தைத் தொடங்கட்டும். மறுசோதனையை விட்டுவிடக் கூடாது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இப்படியொரு சீட்டை அச்சிட்டுக் கொடுத்தால், மாவட்டத்தின் தனியார் ஆய்வகங்களும் பார்த்துப் பின்பற்றும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
தக்கலை.