சென்னைக்கு ஓவியமும் சிற்பமும் பார்க்கப் போகும் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

நாலு நாளில் பதினொரு இடம் என்று நீர் எழுதி அனுப்பின பட்டியலைப் பார்த்தேன். அதில் ஏழு இடத்தை வெட்டிவிடும். இப்படியான பயணத்தில் காலுக்கு முன்னம் கண்தான் களைக்கும். ஒரு கூடத்தில் இரண்டு மணித்தியாலம் தாண்டினால் பெயர்ப்பலகையை மட்டும் வாசித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிடுவீர். காலையில் ஒரு பெரிய இடம், பின்னேரம் ஒரு சின்ன இடம், அவ்வளவும் போதும்.

முதலில் கிழமையைப் பாரும். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை பூட்டு. தென்னிந்தியப் பழைய வீடுகளையும் கைவினைகளையும் காட்டும், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா செவ்வாய் பூட்டு. தனியார் கலைக்கூடங்கள் பெரும்பாலும் ஞாயிறு திறப்பதில்லை. ஆகவே புதன் எழும்பூர், வியாழன் முட்டுக்காடு போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை, வெள்ளி தனியார் கூடங்கள், சனி திரும்பவும் எழும்பூர். ஒரே இடத்துக்கு ஏன் இரண்டு தரம் என்று கேட்பீர். முதல் நாள் எதைப் பார்ப்பதென்றே தெரியாது. எல்லாவற்றையும் பார்க்கப் பறப்பீர். இரண்டாம் தரம்தான் ஒரு சிலைக்கு முன்னால் ஆறுதலாக நிற்க மனம் வரும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிரும். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மாரி என்றால் அங்கேயும் மாரிதான், வெள்ளம் நின்றால் நகரத்துக்குள்ளேயே அசைய ஏலாது.

விமான நிலையத்திலேயே மெற்றோ ஏறலாம். நீல வழியில் ஆலந்தூர் வரை வந்து பச்சை வழிக்கு மாறினால் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். ஓட்டோ பிடித்தால் ‘எக்மோர் மியூசியம்’ என்று சொல்லும், உடனே விளங்கும். காசை ஏறமுதலே பேசி முடித்துவிடும். அங்கே பெட்டிக்கடைக்காரருக்கும் கைத்தொலைபேசியால்தான் காசு கட்டுகிறார்கள். இந்திய வங்கிக் கணக்கு இல்லாத உமக்கு அது இலகுவில் சரிவராது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். கடவுச்சீட்டையும் கொண்டுபோம். எழும்பூரில் வெளிநாட்டவருக்கு ரிக்கற் விலை வேறு, கமராவுக்குத் தனி ரிக்கற். மாமல்லபுரம் வரை போனால், அங்கே இந்தியத் தொல்லியல் துறை இலங்கை போன்ற தெற்காசிய (சார்க்) நாட்டவருக்கு உள்ளூர்க் கட்டணமே எடுக்கும். கடவுச்சீட்டைக் காட்டாவிட்டால் பல மடங்கு கட்டவேண்டி வரும்.

உடுப்பு விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் முக்கியம். கடும் நிறச் சட்டை போடும். வெள்ளையோ மஞ்சளோ போட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் சிலையை மறைத்துக்கொண்டு உமது சட்டைதான் தெரியும். பேனை வேண்டாம், பென்சில் போதும். கொப்பி மட்டை தடித்ததாக இருக்கட்டும், நின்றுகொண்டுதான் வரையவேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. பெரிய வளவு, பல கட்டடங்கள். ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களை ஒரு சுற்றுப் பாரும். ரவி வர்மாவின் ஓவியங்கள் இருக்கும் சிவப்புக் கட்டடம் திருத்த வேலைக்காக நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. திறந்திருக்கிறதா என்று ரிக்கற் எடுக்கும் இடத்திலேயே கேளும். மற்ற நேரம் முழுவதையும் செப்புத்திருமேனிக் கூடத்துக்குக் கொடும்.

வீதியுலாவுக்கு எடுக்கும் எழுந்தருளித் திருமேனியை நாங்கள் கோயிலில் பார்ப்பது சாத்துப்படியோடு. பட்டு, மாலை, நகை, வாகனம் எல்லாவற்றுக்கும் நடுவில் முகம் மட்டும் தெரியும். அதே வகைத் திருமேனியை எழும்பூரில் ஒன்றும் சாத்தாமல் பார்ப்பீர். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரருக்கு முன்னால் நில்லும். சிலையின் வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒரு கை. வலத்தோளிலிருந்து கண்ணைக் கீழே இறக்கும்: மார்பு தட்டை, இடுப்பு நேர். பிறகு இடத்தோளிலிருந்து இறக்கும்: அதே உடம்பு வளைந்து, இடை ஒடுங்கி, இடுப்பு வெளியே தள்ளும். இரண்டு கோடும் எந்த இடத்தில் சேருகிறது என்று தேடும். அந்தச் சேருமிடத்தைக் கொப்பியில் பத்துத் தரம் வரைந்தாலும் பிழைக்கும், அவ்வளவு வடிவான வேலை. திருவாலங்காட்டு நடராசருக்குத் திருவாசி, அதாவது சுற்றிவர இருக்கும் சுடர் வளையம், இல்லை. அதனால் கைகளின் வீச்சு மறைப்பில்லாமல் தெரியும். பிரெஞ்சுச் சிற்பி ரொடான் 1913இல் புகைப்படங்களை வைத்துக்கொண்டு எழுதினது இந்தக் கூடத்து நடராசரைப் பற்றித்தான்.

சுற்றிப் போக இடம் இருந்தால் பின்பக்கமும் பாரும். வீதியுலாவில் யாருக்கும் தெரியாத முதுகையும் சடையையும் முன்பக்கத்துக்குச் சமமாகச் செய்திருப்பார்கள். பீடத்தில் வளையமோ துளையோ இருக்கும். உலாவுக்குத் தூக்கும்போது தண்டும் கயிறும் கட்டின இடம் அது. சில திருமேனிகளில் மூக்கும் விரல் நுனியும் மழுங்கியிருக்கும். நூற்றாண்டுக் கணக்கான அபிஷேகமும் துலக்கலும் விட்ட தடம். செய்தவர் கையில் குறை இல்லை.

கிட்டவே பெரியமேட்டில் 1850இல் தொடங்கின அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. மாணவர் கண்காட்சி நடந்தால் மட்டும் போம். அதன் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை மெரினாவில் நிற்கிறது, அதைக் கட்டாயம் பாரும். வெயில் சாய்ந்த பிறகு தசையின் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை வெள்ளண எழும்பித் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறும். தூரத்தில் இருக்கும் தட்சிணசித்ராவை முதலில் முடித்துவிட்டு, திரும்பி வரும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் இறங்கும். கே. சி. எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1966இல் பத்திக் துணி விற்ற காசில் நிலம் வாங்கிக் கட்டின இடம். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியத்தைக் கண்டால் எழுத்தை வாசிக்க முயலவேண்டாம். எங்கள் வீட்டுச் சாதகக் குறிப்பில் கட்டமும் எழுத்தும் நெருங்கிக் கிடப்பதுபோல இருக்கும், ஆனால் ஒரு சொல்லும் சேராது. எழுத்து அங்கே கோடாக மாறிவிட்டது. ஜானகிராமனும் நந்தகோபாலும் செய்த உலோகச் சிற்பங்கள் முன்பக்கத்துக்காகவே செய்தவை, மூலவருக்குச் சாத்தும் கவசம்போல. முதல்நாள் திருமேனியின் முதுகைப் பார்த்திராவிட்டால் இந்த வித்தியாசம் பிடிபடாது. நாள் ஒழுங்கை மாற்றவேண்டாம் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

தனியார் கூடங்களுக்குப் போகக் கூசவேண்டாம். பெரும்பாலும் நுழைவு இலவசம். சில வீட்டுக் கதவுபோலப் பூட்டியிருக்கும்; மணி அடித்தால் திறப்பார்கள். பெயர்ப்பலகையில் சிவப்புப் பொட்டு என்றால் விற்றாயிற்று. வாங்கப் போவதில்லை என்றாலும் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாரும். பெயர், ஆண்டு, ஊடகம் (எதால் செய்தது), அளவு நாலும் அதில் ஒழுங்காக இருக்கும். படம் எடுக்கமுதல் கேளும். மாணவி என்று சொன்னால் உள்ளே சுருட்டி வைத்திருப்பதையும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள்.

ஏதும் வாங்கினால் ரசீது எடும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவரச் சட்டம் விடாது. புதுச் சிலைக்கும் ரசீது இல்லாவிட்டால் விமான நிலையத்தில் நின்று பதில் சொல்லவேண்டும். கன்வஸ் ஓவியத்தை வர்ணம் வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டச் சொல்லும். உள்ளே வைத்துச் சுருட்டினால் வர்ணம் நெருக்குப்பட்டு, விரிக்கும்போது உரியும். மேலே எண்ணெய்த் தாள் சுற்றி, அகலமான குழாய்க்குள் தளர்வாக வையும். குழாயின் நீளத்தை விமானக் கம்பனியிடம் வாங்கமுதலே கேளும். பலாலிக்கு வருவது சின்ன விமானம், சாமான் வைக்கும் மேல்தட்டு நீளம் குறைவு.

அன்புடன்,
அக்கா